உண்ணி என்று எழுதாதீர்கள்

தேனீக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலில், நோயாளி கொட்டினால் அரை மணியில் வலி போய்விடும். நோயாளியை வளர்க்கிறவர் கொட்டினால் வருடக் கணக்கில் போகாது. பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மணி அடித்தவர்கள், கதவு திறப்பதற்குள் முகத்தில் ஒரு சிரிப்பைத் தயார் செய்தவர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், அம்மை குத்தப் போனவர்கள் எல்லோரும் என் கட்சி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிக்கலாம், ஆட்சேபம் இல்லை.

லண்டனில் ஒரு பூச்சிமருந்துக் கிடங்கில் பன்னிரண்டு வருடம் லேபிள் ஒட்டிவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினேன். மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் நடந்த தேனீ வளர்ப்போர் சங்கத்தில் வேலை கிடைத்தது. அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் தோட்டங்களிலும் மொட்டை மாடிகளிலும் இருந்த சங்கத்துப் பெட்டிகளைச் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். தேனீயின் மூச்சுக் குழாய்க்குள் குடியேறும் உண்ணிக்கு மருந்து கொடுக்க வேண்டும். திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். கொஞ்சம் தமிழிலும் கொஞ்சம் இங்கிலீஷிலும் படித்தவன் நான். அதனால் இரண்டு மொழியிலும் தவறு செய்கிற தகுதி எனக்கு இருந்தது.

பெயர் ராசி

எங்கள் செயலாளரின் பெயர் உண்ணி. முழுப்பெயர் உண்ணிகிருஷ்ணன், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். மேஜைமேல் பெயர்ப் பலகை, கோப்பில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு, எல்லாவற்றிலும் 'உண்ணி, செயலாளர்' என்றுதான் இருக்கும். நான் இதைக் கவனிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவன் மேலதிகாரியின் முகத்தைக் கவனிப்பானே தவிர, பலகையைக் கவனிக்க மாட்டான்.

சேர்ந்த இரண்டாம் வாரம் ஊட்டியிலிருந்து விண்டர்கிரீன் தைலம் வந்தது. ஒரு சின்னப் புட்டியில் தைலத்தை ஊற்றி, திரி போட்டு, தேன் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். அந்த நெடி தேனீயின் மூச்சோடு உள்ளே போய் உண்ணியைக் கொன்றுவிட்டு, தேனீயை விட்டுவிடும். நாற்பது புட்டிகளில் நானே கைப்பட லேபிள் எழுதி ஒட்டினேன்: 'உண்ணியை ஒழிக்கும், மிச்சம் வைக்காது.' உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் எழுதினேன்: 'உண்ணி புகுந்த குடும்பம் உருப்படாது. உண்ணியைக் கண்டால் தயங்காமல் தகவல் கொடுக்கவும். இப்படிக்கு,' அடியில் ரப்பர் ஸ்டாம்பைப் படித்துப் பார்க்காமலே குத்தினேன்: 'உண்ணி, செயலாளர்.'

கையெழுத்துக்கு வைத்தேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எங்கள் நாட்டிலே உண்ணி என்னு சொன்னால் குழந்தை. குருவாயூரப்பனே உண்ணிதான். நீங்கள் என்னைக் கொன்னு, குடும்பத்தையும் உருப்படாமல் பண்ணி, கையெழுத்தும் என்னையே போடச் சொல்றீங்களே, இது நியாயமா சாரே?"

முன்னால் கேட்

அன்றோடு அந்தச் சொல் சங்கத்தில் செத்தது. நாற்பது புட்டிகளும் பீரோவுக்குள் போயின. புதுச் சொல் முடிவாகி, புது லேபிள் அச்சாகி வரும்வரை ஒரு புட்டியும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. செயற்குழு கூடியது. 'நுண்ணொட்டி' என்றார் ஒருவர். 'மூச்சடைப்பான்' என்றார் இன்னொருவர். முதலாமவருக்கு அதைக் கேட்டதும் இருமல் வந்தது. மூன்றாம் வாரம், எல்லோரும் களைத்துப்போன பிறகு, 'பேன்' என்று முடிவாயிற்று. அறிக்கைகளிலும் இனி 'பேன்' என்றே எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்த பவுனம்மாவின் தேனீக்கள் தரையில் ஊர ஆரம்பித்தன. பவுனம்மாவிடம் சங்கத்துப் பெட்டி இரண்டு. கூரைக்குப் பின்னால் செங்கல் அடுக்கி, எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, என் வட்டாரத்திலேயே ஒழுங்காக வைத்திருந்தவள் அவள்தான். நான் போனபோது பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தேனீக்கள் சிறகு பிசகி, பறக்க முடியாமல், மண்ணில் நடந்துகொண்டிருந்தன.

"இன்னா சார் இது? தண்ணி போட்ட மாரி தள்ளாடிகினு கீது?"

உத்தரவை மறந்து, உண்ணி என்று சொல்லிவிட்டேன். "மாட்டுக்கு வருமே, அதுவா?" என்றாள் உடனே. அதேதான், கண்ணுக்குத் தெரியாத சைஸ் என்றேன். செயற்குழுவுக்கு மூன்று வாரம் பிடித்தது அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மருந்து எங்கே என்று கேட்டாள். வரும் என்றேன். ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் முகத்தில் பயம் தெரிந்தது. அதற்குக் காரணம் இருந்தது. சங்கத்தின் விதி இது: நோயால் பெட்டி காலியானால் சங்கம் புதுத் தேனீக் கூட்டம் ஒன்றைக் கொடுக்கும், பராமரிப்புக் குறைவால் காலியானால் உள்ள பெட்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். வரிசையில் அடுத்த பெயர், பவுனம்மா பாத்திரம் தேய்க்கிற பங்களாவின் எஜமானியம்மாள்.

"பெட்டிய மட்டும் தூக்கிடாதீங்க சார். அந்த ஊட்ல நான் செருப்பக் கையில புட்சிகினு பின்னால கேட்டால போறேன். என் ஈ ஒண்ணுதான் வாட்ச்மேனக் கேக்காம முன்னால கேட்டால உள்ள போவுது."

பேனா?

புது லேபிள் வந்ததும் முதல் புட்டியை அடையாற்றுக்குத்தான் கொண்டுபோனேன். ஒரு பெட்டி அதற்குள் காலி. மற்றதில் பாதிக் கூட்டம் மிச்சம். பவுனம்மா புட்டியை வாங்கி, திரியைத் திரித்து, நான் சொன்ன இடத்தில் வைத்தாள். இரண்டாம் புட்டியோடு மயிலாப்பூருக்கு வந்தேன்.

குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பஞ்சாபகேசன் என்று ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கொல்லையில் ஒரு பெட்டி வைத்திருந்தார். ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்காமல் என்ன விஷயம் என்றார். "தேனீக்குப் பேன் மருந்து வந்திருக்கு சார்" என்றேன்.

"பேனா?" என்றார் உரக்க.

உள்ளேயிருந்து மாமியின் குரல்: "வேண்டாம்னு சொல்லுங்கோ! போன வாரம் வாசல்ல வந்தவன்கிட்ட வாங்கின பேனாவே ஒழுகிண்டிருக்கு!"

"பேனா இல்லைடி, பேன்!"

"யாருக்கு?"

"நம்மாத்துக் கொல்லையில இருக்கறதுகளுக்கு!"

மாமி கரண்டியோடு வெளியே வந்தார். நான் தேனீயின் உடற்கூற்றை விளக்கினேன். மூச்சுக் குழாயை விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் சிவந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். குரலை இன்னும் உயர்த்தி, ஜன்னலுக்கும் சேர்த்தே சொன்னார்:

"எங்காத்துல மூணு தலைமுறையா ஒரு தலையிலயும் பேன் கிடையாது. கொல்லையில இருக்கறதுக்கு வந்திருந்தா அது உங்க சங்கத்துலேர்ந்து வந்ததுதான்!"

முழங்கால்

ஆனால் மருந்தை வாங்கிக்கொண்டார்கள். அதுமட்டுமல்ல, ஒரு மாதம் வரவேண்டிய புட்டி ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பினார். இன்னொன்று கொடுத்தேன். அதுவும் தீர்ந்தது. மூன்றாவதும் தீர்ந்தது. இவ்வளவு சிரத்தையோடு தேனீ வளர்க்கிறவரை நான் பார்த்ததில்லை என்று செயலாளரிடம் பாராட்டிக்கூடப் பேசினேன்.

நேரில் போனபோது வாசலிலேயே தைல வாசனை ஆளைத் தூக்கியது. கொல்லைப் பெட்டியில் சத்தமே இல்லை. திறந்தேன். காய்ந்த அடைகளும் ஒரு பல்லியும் இருந்தன. எந்த மூலையிலும் திரியோ புட்டியோ இல்லை. அதற்குள் ஹெட்மாஸ்டர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால் இரண்டும் எண்ணெய் தேய்த்த வெண்கல விளக்குப் போல மின்னின. கையில் சங்கத்துக்கு அவரே எழுதிய கடிதம். ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில், கமா ஒன்று பிசகாமல், தமது கூட்டம், உண்ணி நோய்க்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயரான 'அகரைன் டிசீஸ்' என்னும் கொடிய நோயால் மாண்டது என்றும், மாற்றுக் கூட்டம் உடனே தேவை என்றும் எழுதியிருந்தார்.

"மருந்தைத் தேனீக்கு வைக்கவே இல்லையா சார்?" என்றேன்.

"தேனீ போனா இன்னொரு கூட்டம் வரும், ஓய். இந்த வயசுல இன்னொரு முழங்கால் வருமா?"

பட்டுப் பீரோ

பாண்டி பஜார் ஜவுளிக்கடை அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். கடையின் மொட்டை மாடியில் இரண்டு பெட்டி வைத்திருந்தார். அவருடைய தேனீக்கள் பூவைத் தேடிப் போய் நான் பார்த்ததில்லை. கீழே இருந்த சர்பத் கடைக்குத்தான் போய்வந்தன. விண்டர்கிரீன் தைலம் வேண்டாம், தம்மிடமே மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார். என்ன மருந்து என்று கேட்டதற்குச் சிரித்தார். அடுத்த தடவை பெட்டியைத் திறந்தபோது, அடைகளுக்கு நடுவில் பளிச்சென்று ஆறு பாச்சை உருண்டைகள். தேனை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கல்யாணப் பட்டு அடுக்கிய பீரோவுக்குள் தலையை விட்டது போல இருந்தது.

அண்ணாச்சிக்கு வருத்தம் எதுவும் இல்லை.

"நம்ம பட்டுக்கு ஆவுத மருந்து ஈக்கு ஆவாதா, வே? தேன வாங்கிட்டுப் போன அம்மா மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்து ரெண்டு சேலைல்லா எடுத்துட்டுப் போனாவ!"

வெள்ளிக்கிழமை

பாச்சை உருண்டைக்கு உண்ணி அசையவில்லை. எனவே சீமையிலிருந்து தகரப் பெட்டியில் வந்த புகைச் சீட்டை எடுத்தேன். அது மருந்தும் வெடியுப்பும் ஊறிய அட்டை. பற்றவைத்தால் சுடர் விடாமல் கனன்று புகையும். அதைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, வாசலை அரை மணி அடைத்துவைக்க வேண்டும். லண்டனில் இந்தத் தகரப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் லேபிள் ஒட்டியவன் என்ற பெருமை எனக்கு.

ஒரே சிக்கல் நேரம்தான். தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பிய பிறகு, பொழுது சாய்கையில் செய்ய வேண்டும். ஏழு நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டும். முதல் சீட்டை வெள்ளிக்கிழமை வைத்துவிட்டேன். அதனால் எல்லாச் சீட்டும் வெள்ளிக்கிழமைதான், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில்தான். விளக்கு வைத்த வேளையில் உயிரைக் கொல்லலாமா என்று அண்ணாச்சி முதலில் தயங்கினார். சாகப் போவது பேன்தான் என்று தைரியம் சொன்னேன். மூன்றாவது வெள்ளி, ஆடித் தள்ளுபடி. கடையில் நிற்க இடமில்லை. மாடியிலிருந்து புகை படிக்கட்டு வழியாக இறங்கியது. யாரோ ஓர் அம்மாள் "நெருப்பு!" என்று கத்தினார். ஐந்து நிமிஷத்தில் கடை காலி. வெளியே ஓடியவர்களில் பலர், தோளில் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்த சேலையோடேயே ஓடினார்கள். அதில் சிலர் மாம்பலம் ஸ்டேஷன்வரை நிற்கவே இல்லை.

அண்ணாச்சி காலிக் கடையில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஈக்கு மூச்சு முட்டுதுன்னு வந்தீரு. இப்பம் எனக்குல்லா, வே, முட்டுது!"

சுத்தக் குறைவு

மாதக் கடைசியில் காலிப் பெட்டிகளின் பட்டியல் செயலாளர் மேஜைக்குப் போயிற்று. ஹெட்மாஸ்டரின் கடிதத்தில் 'டிசீஸ்' இருந்தது, ஆகவே நோய். புதுக் கூட்டம் அனுமதி. முழங்காலைப் பற்றி நான் சொன்னதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று செயலாளருக்குத் தெரியாததால் அவர் எங்கும் எழுதவில்லை. பவுனம்மாவைப் பற்றிய என் அறிக்கையில், உத்தரவுப்படி, 'பேன்' இருந்தது. அதற்கு எதிரே செயலாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'சுத்தக் குறைவு. இரு பெட்டிகளையும் திரும்பப் பெறவும்.'

ஓடினேன். "சார், இது அந்த நோய்தான். நாமதான் பேர் மாத்தினோம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே யோசித்தார். "பேன் எப்படி வரும்? குளிக்காட்டி வரும். அதிலென்ன தப்பு?" என்றார். ஒரு சொல்லை நாமே கொண்டுவந்து உட்காரவைக்கலாம். அது கூடவே கூட்டிவரும் சொந்தக்காரர்களை வாசலில் நிறுத்த முடியாது. இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பன்னிரண்டு வருடம் லேபிள் ஒட்டினேன். ஒரு லேபிளால் ஒருத்தி வெளியே தள்ளப்படுவாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நோட்டீஸை நேரில் கொடுப்பதும் என் வேலைதான். பவுனம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். 'சுத்தக் குறைவு' என்பதை இரண்டு தடவை கூட்டினாள். பக்கத்தில் மருந்து வைத்த பெட்டி நன்றாகத் தேறி, ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. திரி புதிதாக இருந்தது. வாரம் தவறாமல் மாற்றியிருக்கிறாள். காகிதத்தை மடித்துச் செருகிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்து, என் முன்னால் தலையைக் குனிந்தாள்.

"பாரு சார். நல்லாப் பாரு. ஒண்ணே ஒண்ணு எட்த்துக் காட்டு. காட்டிட்டு ரெண்டு பெட்டியையும் தூக்கினு போ."

மூன்றெழுத்து

பெட்டியை நான் தூக்கவில்லை. மறுநாள் காலை வேறு அறிக்கை எழுதி மேஜையில் வைத்தேன். இரண்டே வரி: 'இந்தப் பெட்டி காலியானதற்கு உண்ணியே காரணம். பவுனம்மா காரணம் அல்ல.' வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எழுதினேன். போனால் திரும்ப லண்டனுக்கு ஓடும் வயதும் எனக்கு இல்லை.

செயலாளர் படித்தார். 

"இது அதைப் பத்தியா, என்னைப் பத்தியா?"

"உண்ணியைப் பத்தி, சார்."

"'ஒரு வகை உண்ணி' என்று போடலாமே?"

"போடலாம் சார். அப்போ எந்த வகைன்னு கேப்பாங்க."

பிறகு, கேட்காமலே சொன்னேன்: அவள் மருந்து கேட்ட நாளில் நாற்பது புட்டிகளும் இந்த அறையில், அந்தப் பீரோவில் இருந்தன. மருந்து வைத்த பெட்டி இன்று பிழைத்திருக்கிறது. அவர் பீரோவைப் பார்த்தார். "மூணு வாரம்" என்றார் மெல்ல. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பேனாவை எடுத்தார். நான் அறிந்து முதல் தடவையாகக் கையெழுத்தை இங்கிலீஷில் போட்டார். அதன் கீழே ரப்பர் ஸ்டாம்பு குத்துவது என் வேலை. குத்தினேன். பழைய ஸ்டாம்புதான்.

அன்று பொழுது சாய்கையில், ஹெட்மாஸ்டருக்கு ஒதுக்கியிருந்த கூட்டத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டி அடையாற்றுக்குக் கொண்டுபோனேன். அவருக்கு அடுத்த மாதம் கொடுத்துக்கொள்ளலாம், முழங்கால் தாங்கும். கூட்டத்தைக் காலிப் பெட்டிக்குள் இறக்கியதும் பவுனம்மா காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டினாள். 'உண்ணியே காரணம்.' அப்புறம் விரல் கீழே இறங்கியது. இங்கிலீஷ் கையெழுத்தைத் தாண்டி, நீல மையில் இருந்த ஸ்டாம்பில் நின்றது: 'உண்ணி, செயலாளர்.' விரல் மேலே போயிற்று. மறுபடி கீழே வந்தது. முகம் மலர்ந்தது.

"நல்ல மன்சன் சார் அவுரு! எந்த ஆபீசரு 'நான்தான் காரணம்'னு ஒத்துக்கினு சீல் குத்திக் குடுக்கறாரு?"

ஐந்து வருடம் அந்த வேலையில் இருந்தேன். இரண்டெழுத்தால் போகவிருந்த பெட்டிகளை மூன்றெழுத்தால் திரும்ப வாங்கிக் கொடுத்ததையும், பவுனம்மாவின் ஒரு பெட்டியையும், ஒரு ஹெட்மாஸ்டரின் முழங்காலையும் தவிர, எந்த மருந்தாலும் எதையும் குணப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.